எதிர்ப்பக்கம் உட்கார்ந்த ஹைட்ரஜன்

— டீ வேணாம் லூர்து, எடுத்து அந்தாண்ட வையி. அந்த ஆளு குடுத்த பூந்திய வாயில போட்டதுலேர்ந்து நாலு நாளா எனக்கு எதுவும் எறங்கல.

— பூந்திக்கு என்னாண்ணே வந்துச்சி? ஊசிப்போச்சா?

— பூந்தி நல்லாத்தான் இருந்துது. குடுத்த கைதான் ஊசிப்போன கை. எங்க காலேஜ் கெமிஸ்ட்ரி வாத்தியாரு சக்கரபாணி சாரு கை.

— கொஞ்சம் சத்தமாப் பேசுண்ணே. ஐஸ் கம்பெனி கம்ப்ரசர் ஓடுறதுல பாதி காதுல வுழல. சாரு எதுக்குப் பூந்தி குடுத்தாரு?

— உன் கொழுந்தியா தைலத்துக்கு டாக்டர் பட்டம் கெடைக்கப் போவுதாம், அதுக்கு. தைலம் பாப்பாவும் தின்னுச்சி லூர்து, அதான் எனக்கு ஆறல. அஞ்சு வருசம் இந்தக் கடலூர்லேர்ந்து தெனம் ரயிலேறி செதம்பரம் வந்து, அந்த ஆளுகிட்ட ஆராய்ச்சின்னு நாயா ஒழைச்ச பொண்ணு. அவரு நீட்டுன பூந்திய ரெண்டு கையால வாங்கி, மாத்திரை முழுங்குறாப்புல முழுங்குச்சி.

— சந்தோசமான சேதிதானேண்ணே. என் பொண்டாட்டி சவரி, தங்கச்சிக்குப் பட்டம் வருதுன்னு மாதா கோயில்ல மெழுவத்தி ஏத்திட்டு வந்தா.

— ஏத்தட்டும். எந்தச் சரக்க வெச்சி அந்தப் பட்டம் வருதுன்னு தெரிஞ்சா, அவளே போயி ஊதி அணைச்சிட்டு வருவா.

— என்னாண்ணே இப்படிப் பேசுற? சிலிண்டர்ல அமோனியா ஏற இன்னும் அரை மணியாவும். ஒக்காந்து வெவரமாச் சொல்லு.

— சொல்லத்தான் வந்திருக்கேன். சொல்லவும் வந்திருக்கேன், ஒரு சேதி கேக்கவும் வந்திருக்கேன். மொதல்ல இதக் கேட்டுக்க. எங்க அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரிக்கொட்ட ஒடைக்கிற பொம்பளைங்க கையப் பாத்திருக்கியா? வெந்து தோலுரிஞ்சி கெடக்கும். அந்தக் கொட்டத் தோலு எண்ணெய்க்குள்ள ஒரு சரக்கு இருக்குது. நீட்டு வாலு வெச்ச சரக்கு. அந்த வாலு நடுவுல ரெண்டு கரி, கார்பன்னு சொல்றாங்களே அது, ஒண்ணையொண்ணு ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு நிக்குது. ஒவ்வொரு கரியோடயும் ஒரு ஹைட்ரஜன் ஒட்டிக்கிட்டு இருக்குது. அந்த ரெண்டு ஹைட்ரஜனும் ஒரே பக்கம் ஒக்காந்திருக்குதா, எதிரும் புதிருமா ஒக்காந்திருக்குதா? அவ்வளவுதான் கேள்வி. இதுக்குத்தான் அஞ்சு வருசம்.

— எந்தப் பக்கம் ஒக்காந்தா யாருக்கு என்னாண்ணே?

— அப்படிக் கேக்காத. படிக்காதவன் நானே கேக்கல. ஒரே பக்கம் ஒக்காந்தா வாலு வளைஞ்சி போவும். வளைஞ்சது ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி நிக்காது, எண்ணெயா ஓடும். அதுக்கு சிஸ்ஸுன்னு பேரு. எதிர்ப்பக்கம் ஒக்காந்தா வாலு நேரா நிக்கும், அடுக்கி வெச்சாப்புல கட்டி தட்டிக்கும். அது டிரான்ஸு. பாட்டில ஐஸ்ல வெச்சிச் சாச்சிப் பாத்தா எங்கூட்டு மாடு மேய்க்கிறவன் கூடச் சொல்லிப்புடுவான். நம்ம சாரு எட்டு வருசத்துக்கு முன்னால அது டிரான்ஸுன்னு சீமைப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டாரு. அது அச்சாயி வந்துச்சி. கண்ணாடி போட்டு அவரு ரூமுல மாட்டியிருக்காரு. தெனம் காலையில அதத் தொடைக்கிறது அட்டெண்டரு என் வேல.

— அப்ப டிரான்ஸுதானோ என்னமோ.

— மண்ணாங்கட்டி. எட்டு வருசத்துக்கு முன்னால அவரு அந்த எண்ணெயப் பிரிச்சப்ப அடுப்புக்கிட்ட நின்னவன் நானு. வடிகட்டினது நானு. அதுல அயோடின் கலந்துபோச்சு. அயோடின் பட்டா சிஸ்ஸு டிரான்ஸாத் திரும்பிக்குமாம், தைலம் பாப்பாதான் எனக்குச் சொல்லுச்சி. திரும்பினதப் பாத்துட்டு மனுசன் பொறந்ததே இப்படித்தான்னு எழுதிப்புட்டாரு. தெரியாமப் பண்ணது, போவட்டும். தெரிஞ்ச பொறவு ஒத்துக்கணுமா வேணாமா?

— பெரியவங்க ஒத்துக்குவாங்களாண்ணே.

— நீ ஏன் இன்னைக்கு எல்லாத்துக்கும் அவரு பக்கமே பேசுற? சரி, கேளு. பாப்பா அதோட நிக்கல. அந்தச் சரக்கத் தன் கையாலயே செஞ்சி பாத்துப்புடுறேன்னு எறங்குச்சி. மொதல்ல, ரெண்டு கரி மூணு கையால புடிச்சிக்கிட்டு இருக்குற மாதிரி ஒண்ணு செய்யிறது. அப்புறம் அந்த மூணுல ஒரு கையப் பிரிச்சி, ஒவ்வொரு கரிக்கும் ஒரு ஹைட்ரஜனக் குடுக்குறது. குடுக்குறதுக்கு ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு பல்லேடியம்னு ஒரு உலோகம். அத அப்படியே போட்டா வெறி புடிச்சாப்புல எல்லாக் கையையும் பிச்சித் தின்னுப்புடும். அதனால ஈயத்தையும் குயினோலின்னு ஒரு திரவத்தையும் வெச்சி அதப் பாதி சாவடிச்சி வெக்கணும். லேப்ல அதுக்கு விஷம் வெச்சதுன்னே பேரு. அதும் மேல போயி நம்ம சரக்கு படுத்துக்கும். படுத்துக்கிட்டு இருக்குறவனுக்கு ஒரு பக்கந்தானே திறந்திருக்கும்? ரெண்டு ஹைட்ரஜனும் அந்த ஒரே பக்கமா ஏறிக்கும். சிஸ்ஸு.

— இன்னொரு வழிக்குத்தான் எங்க அமோனியாவா?

— ஆமா. ஐஸ் கட்டுறதுக்கு நீங்க வெச்சிருக்கிற இதே அமோனியா. தண்ணி மாதிரி இருக்கும்போதே அதுல சோடியத்தப் போட்டா பேனா மசி மாதிரி நீலமாவும். அதுல ஹைட்ரஜன் ரெண்டும் ஒண்ணாச் சேந்து வராது, ஒண்ணொண்ணா வரும். ரெண்டாவதா வர்றது மொத ஆளுக்குப் பக்கத்துல ஒக்காராம எட்டிப் போயி எதிர்ப்பக்கம் ஒக்காந்துக்கும். எங்க டிபன் ரூமுல பாப்பா ஒக்காந்ததும், மீன்கார வூட்டுப் பொண்ணுன்னு மத்தவனுங்க எந்திரிச்சி எதிர் பெஞ்சிக்குப் போவானுங்க பாரு, அந்த மாதிரி. டிரான்ஸு. கட்டியாயிடும்.

— எதிர் பெஞ்சிக்கா? வீட்டுல அது ஒண்ணும் சொன்னதில்லியேண்ணே.

— எப்படிச் சொல்லும்? இன்னும் கேளு. குயினோலின் இருக்குதே, அது நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். பிளாஸ்க்கு கழுவுற எனக்குத் தெரியும். ஒரு நாளு அந்த நாத்தம் வராண்டா வரைக்கும் வந்துடிச்சி. சக்கரபாணி சாரு கர்ச்சீப்ப மூக்குல வெச்சிக்கிட்டு வந்து எல்லாரும் இருக்கும்போது சொல்றாரு, ‘அம்மா, வீட்டுலேர்ந்து வரும்போது குளிச்சிட்டு வரணும், லேபெல்லாம் மீன் கவுச்சி அடிக்குது’ன்னு. கெமிஸ்ட்ரியில டாக்டரு லூர்து. குயினோலினுக்கும் கவுச்சிக்கும் வித்தியாசம் தெரியாத மூக்கு. அந்த ஞானசேகரன் இருக்கானே, சாருக்குப் பை தூக்குறவன், அவன் சிரிச்சான். பாப்பா பிளாஸ்க்கு மூடிய இறுக்கி மூடிட்டு, ‘சரிங்க சார்’னுச்சி. அவ்வளவுதான்.

— சேசுவே.

— அன்னைக்கு சாயங்காலம் அந்தப் பிளாஸ்க்கக் கழுவும்போது அதுமேல காறித் துப்பினேன். அவரு மூஞ்சின்னு நெனச்சி. எனக்கே அசிங்கமாப் போச்சு, அப்புறம் ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவி வெச்சேன்.

— நீ மேல சொல்லுண்ணே. அது ரெண்டும் செஞ்சி பாத்துச்சி, அப்புறம்?

— செஞ்சிது. அதும் போன வருசம் இந்தி கலாட்டாவுல காலேஜ் மூடிக் கெடந்தப்ப, எல்லாப் பசங்களும் ஊருக்கு ஓடிட்டானுங்க, இது மட்டும் பின்கேட்டால வந்து செஞ்சிது. நாந்தான் கதவத் தொறந்து வுடுவேன். மேசையில மூணு பாட்டிலு. ஒண்ணு கொட்டையிலேர்ந்து எடுத்த அசலு. ஒண்ணு விஷம் வெச்ச பல்லேடியத்துல செஞ்ச சிஸ்ஸு. ஒண்ணு அமோனியாவுல செஞ்ச டிரான்ஸு. மூணையும் ஐஸ்ல வெச்சோம். அசலும் சிஸ்ஸும் எண்ணெயா ஓடுது, டிரான்ஸு நெய்யி ஒறைஞ்சாப்புல ஒறைஞ்சி நிக்குது. பச்சப் புள்ளைக்கும் தெரியும். கொண்டுபோயிக் காட்டுனா சாரு என்னா சொல்றாரு, ‘மறுபடி பண்ணு’. பண்ணுச்சி. மறுபடி. மறுபடி. நாலு தடவ. நாலாவது தடவ பாட்டிலத் திரும்பிக்கூடப் பாக்கல, மூக்கப் புடிச்சிக்கிட்டு ஜன்னலத் தொறக்கச் சொன்னாரு.

— ஒத்துக்கலன்னா பட்டம் கெடையாதா?

— அவரு கையெழுத்துப் போடாம காகிதம் நவுராது. கடைசியா அவரே ஒரு வழி சொன்னாரு. பெங்களூருல ஒரு மெஷின் இருக்குதாம். சரக்க அனுப்பினா படம் போட்டுக் குடுப்பான். டிரான்ஸா இருந்தா அந்தப் படத்துல ஒரு எடத்துல பள்ளம் வுழும், சிஸ்ஸுன்னா வுழாது. ‘கொட்டை அசல அனுப்புவோம், மெஷின் எதச் சொல்லுதோ அதுக்குக் கையெழுத்துப் போடறேன்’னாரு. எனக்கு வயித்துல பால வாத்தாப்புல இருந்துச்சி. மெஷினுக்கு மீனும் தெரியாது, கவுச்சியும் தெரியாது பாரு.

— இது எப்ப?

— மாசி மகம் முடிஞ்ச சனிக்கெழம. அன்னைக்கு சாயங்காலம் நானும் பாப்பாவும் அசல் பாட்டில இன்னொரு தடவ ஐஸ்ல வெச்சிப் பாத்தோம். தண்ணியா ஓடுச்சி. ‘திங்கக்கெழம சீல் வெச்சி அனுப்பிப்புடலாம்மா, இத்தோட தீந்துது உன் பீடை’ன்னேன். அது சிரிக்கல. கைய சோப்புப் போட்டுத் தேய்ச்சிக்கிட்டே சொல்லுச்சி, ‘நாலு தடவ நெசத்தக் கொண்டுபோயி அவரு மேசையில வெச்சேன், நாத்தம்னு மூக்கப் பொத்திக்கிட்டாரு. அவருக்கு எது மணக்கும்னு எனக்கு இப்பத் தெரிஞ்சிபோச்சுண்ணே’. அஞ்சு வருசத்து வேதனை லூர்து, வேற எப்படிப் பேசும்?

— ம்.

— ஞாயித்துக்கெழம லேப் லீவு. திங்கக்கெழம காலையில நான் போயிக் கதவத் தொறந்தா அமோனியா நெடி மூஞ்சில அடிக்குது. ஜன்னலு ரெண்டும் பப்பரப்பான்னு தொறந்து கெடக்குது. சோடியம் போட்டு வெச்சிருக்கிற கெரசின் டின்னு மூடி சரியா மூடல. ஓடிப்போயி அசல் பாட்டிலக் கையில எடுத்தேன். லூர்து, சனிக்கெழம தண்ணியா ஓடுன எண்ணெ ஐஸு இல்லாமயே கட்டியா நிக்குது. கவுத்தினா நவுரல. பாட்டிலு அதேதான், லேபிள் அதேதான், உள்ள இருக்கிற ஆளு வேற.

— பழைய டிரான்ஸு பாட்டிலேர்ந்து எடுத்து ஊத்தியிருப்பாங்க.

— அது எப்பவோ தீந்துபோச்சு, காலி பாட்டிலக் கழுவிக் கவுத்தினவன் நானு. இது புதுசாச் செஞ்சது. ஞாயித்துக்கெழம எவனோ உள்ள பூந்து, அமோனியாவுல சோடியத்தப் போட்டு, ஒரு நாளு பூரா நின்னு செஞ்சி ஊத்தியிருக்கான். தூ. வேல தெரிஞ்சவன் கைதான். திருட்டுத்தனத்துக்கு எம்மாம் பொறுமை பாரு. திருட்டுப் பயலுக்குப் படிப்பு வேற.

— தைலத்துகிட்ட சொன்னியா?

— சொல்லாம? அது ஒம்போதர ரயில்ல வந்து எறங்குச்சி. ‘என்னாம்மா, கட்டியா இருக்குதே’ன்னு பாட்டிலக் காட்டினேன். மூஞ்சில ரத்தம் இல்ல. பாட்டில வாங்கி லேபிளத் தொடைச்சி மேசையில வெச்சிது. அப்புறம், ‘சீல் வையுங்கண்ணே’ன்னுச்சி. நான் என்னா பண்றது? அந்த ஆளுக்குப் பயந்துக்கிட்டு நிக்குதேன்னு எனக்கு அழுவ வந்துச்சி. அரக்க உருக்கி நான்தான் சீல் வெச்சேன். இந்தக் கைதான். அதுலேர்ந்து என் கையே எனக்குப் புடிக்கல.

— பெங்களூருலேர்ந்து படம் வந்துச்சா?

— ஒன்றர மாசம் கழிச்சி போன வாரம் வந்துச்சி. பள்ளம் வுழுந்திருக்குது. கெணறு மாதிரி. வுழாம? உள்ள இருக்கிறது டிரான்ஸாச்சே. சாரு அந்தப் படத்தத் தூக்கிக்கிட்டு ரூம் ரூமாப் போறாரு, ‘எட்டு வருசத்துக்கு முன்னாலயே சொன்னேன், எட்டு வருசத்துக்கு முன்னாலயே சொன்னேன்’னு. மொத மொதல்ல அன்னைக்குத்தான் பாப்பாவ ‘என் ஸ்டூடண்ட்’னு வாய் தொறந்து சொன்னாரு. பக்கத்துல வந்து நின்னாரு. கர்ச்சீப்பு பாக்கெட்டுலயே இருந்துச்சி. அப்பத்தான் அந்தப் பூந்தி. பட்டம் மட்டும் இல்ல, இங்கயே கடலூர்ல லெக்சரர் வேலைக்கும் எழுதிக் குடுத்திருக்காராம்.

— அது வரைக்கும் நல்லதுதானேண்ணே? எப்படியோ ஒரு கரை ஏறுதில்ல? எண்ணெயா இருந்தா என்னா, கட்டியா இருந்தா என்னா, சோறு போடப் போறது பட்டந்தானே.

— அட சீ. நீயும் இப்படிப் பேசுவியா? அந்தப் பொண்ணு நாலு வாட்டி கையி வெந்து, கண்ணு எரிஞ்சி கண்டுபுடிச்சது நெசம். அது பேரு போட்டு இப்ப வரப் போறது பொய்யி. நாளைக்கு வெள்ளக்காரன் எவனாவது செஞ்சி பாத்து, கடலூர் பொம்பள ஒருத்தி பொய்யி எழுதினான்னு சொல்லுவான். சாரு பேருக்கு ஒண்ணும் ஆவாது. அந்த அசிங்கத்த அவ தலையில சுமக்க வெச்சிட்டானுங்க. வீட்டுல எப்படி இருக்குது அது?

— சரியா சாப்புடறதில்ல. மீன் கொழம்பு வெச்சா எந்திரிச்சிப் போயிடுது. கெணத்தடியில கையக் கழுவிக்கிட்டே நிக்குது. சவரி கேட்டா எரிஞ்சி வுழுவுது.

— பாத்தியா? பாத்தியா? ஒரு மனுசிய அவ ஒடம்பே அவளுக்கு நாறுற மாதிரி பண்ணிட்டானுங்க. அதனாலதான் நான் சும்மா வுடல லூர்து.

— என்னா பண்ண?

— காலேஜுல சொன்னா எடுபடுமா? அட்டெண்டரு பேச்சக் கேட்டு ஆபீசர எவனாவது கேள்வி கேப்பானா? என் பேரு எந்த சாமி பேரு? விருத்தாசலம் பக்கத்துல, மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர். அவருகிட்ட பிராது கட்டிட்டு வந்துட்டேன்.

— பிராதுன்னா? போலீசுல குடுக்குற மாதிரியா?

— அதே மாதிரி காகிதத்துல எழுதறதுதான். இன்னாரு, இன்ன ஊரு, எனக்கு இன்ன அநியாயம் நடந்துச்சி, நீதான் கேக்கணும்னு சாமிக்கே மனு எழுதி, கோயில்ல கட்டிப்புடணும். போன திங்கக்கெழம லீவு போட்டுட்டுப் போனேன். போலீசு கேக்காதத, கோர்ட்டு கேக்காதத அவரு கேப்பாரு. எங்க பக்கத்துல ஆடு திருடினவன் கூட பிராது கட்டிட்டாங்கன்னு தெரிஞ்சா ராத்திரியோட ராத்திரியா ஆட்டக் கொண்டாந்து கட்டிட்டு ஓடிடுவான்.

— சாரு பேரப் போட்டு எழுதினியா?

— அங்கதான் எனக்குச் சங்கடம். சாரு ஏழு வருசமா ஒரு பிளாஸ்க்க கையால தொட்டதில்ல. அவரு செஞ்சிருக்க மாட்டாரு, செய்யச் சொல்லியிருப்பாரு. செஞ்சது ஞானசேகரனா, வேற எவனான்னு தெரியல. அதனால பேரு போடல. ‘அந்தப் பாட்டில மாத்தின கை எந்தக் கையா இருந்தாலும் அது அழுகணும். அந்தக் கை படிச்ச படிப்பு அதுக்கு ஒதவக் கூடாது. வாங்குற பட்டம் வெளங்கக் கூடாது. என் தைலம் பாப்பா பட்ட வேதனைய அவனும் படணும்’. இப்படித்தான் எழுதினேன். நான் யாரையும் இப்படிச் சபிச்சதில்ல லூர்து. ஆனா மனசு நெறைஞ்சி சொன்னேன்.

— இருண்ணே, வால்வப் பாத்துட்டு வரேன்.

— என்னா, பேச்சு நடுவுல எந்திரிச்சிப் போற?

— ஒண்ணும் இல்லண்ணே. வால்வு சத்தம் மாறுன மாதிரி இருந்துச்சி.

— வால்வு கெடக்கட்டும். நான் வந்த விசயத்துக்கு வரேன். டிரான்ஸு செய்யிறதுக்கு அமோனியா வேணும். லேப்ல சொட்டு அமோனியா கெடையாது. நான் இங்க வந்து தையில எடுத்துட்டுப் போனது, அது தையிலயே தீந்துபோச்சு. செதம்பரத்துல வேற எங்கயும் கெடைக்காது. அப்ப அந்த ஞாயித்துக்கெழம எவனோ இங்கதான் வந்து வாங்கிட்டுப் போயிருக்கணும். அமோனியா லைன் பாக்குறவன் நீ. உன் கை படாம இங்கேர்ந்து அமோனியா வெளிய போவாது. வந்தவன் யாரு? ஞானசேகரனா? ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு இருப்பான்.

— அண்ணே, அந்தப் பிராது... கட்டினத அவுக்கலாமா?

— அவுக்கறதா?

— திருப்பி வாங்கிக்கலாமா? வேணாம் சாமின்னு.

— கட்டினவன் போயி வாபஸ் வாங்கலாம். நான் எதுக்கு வாங்கணும்? எவன் மேல வுழப் போவுதோ அவன் வந்து அந்தப் பொண்ணு கால்ல வுழட்டும், அப்புறம் பாப்போம்.

— இன்னைக்கே போயி வாங்கிடுண்ணே. நானும் கூட வரேன்.

— நீ வேதக்காரன், எங்க சாமிக்கு எதுக்கு இப்படிப் பயப்படற? உன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? சொல்லு லூர்து. அன்னைக்கு வந்தது யாரு?

— மொத ரயிலுக்கு முன்னால சின்ன சிலிண்டர்ல நான்தாண்ணே புடிச்சிக் குடுத்தேன். எதுக்குன்னு கேட்டேன், அழுதுச்சி, அதுக்கு மேல நான் கேக்கல. தூக்கிக்கிட்டுப் போனது தைலம்.